துவிச்சக்கர வண்டியும் தூரமளக்கும் கருவிகளும்

வழியின் நெடுமையை அளந்தறியும் விருப்பம் மக்களிடத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. சாண், முழம் என உடலுறுப்புக்களாற் பொருள்களை அளந்த நம் முன்னோர், நெடுவழியைக் கூப்பிடு தூரம் என்றும் காதம் என்றும் வழங்கினர். மனிதக் குரலும் மனிதக் காலுமே அன்று அளவுகோல்களாய் நின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் வீதியோரங்களில் மைற்கற்கள் நாட்டப்பட்ட பின்னர், ஈழத்துத் தமிழர் அவற்றைக் 'கட்டை' என வழங்கலாயினர். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை எனக் கல்லின் எண்ணே இடத்தின் பெயராய் நிற்றலை இன்றுங் காணலாம். மைல் வழக்கொழிந்து கிலோமீற்றர் வந்த பின்னரும் அப்பெயர்கள் ஒழிந்தில.

தூரத்தை அறிதல் வெறும் அறிவு வேட்கையாய் மட்டும் அமைவதன்று. வாழ்க்கைத் தேவையாய் வந்து நிற்கும் காலங்களும் உள. 1990களில் எரிபொருட்டடை நிலவிய யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கர வண்டியே ஆசிரியர்க்கும் மருத்துவர்க்கும் வணிகர்க்கும் ஊர்தியாயிற்று. 2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்னும் நிலை நாடெங்கும் ஏற்பட்டபொழுது, கொட்டிலின் மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அன்று பலர் உள்ளத்தெழுந்த வினாக்கள் இரண்டே. என் வீட்டிலிருந்து பணியிடம் எத்துணைத் தூரம்? அங்குச் சேர எவ்வளவு நேரஞ் செல்லும்? மோட்டார் வண்டியிற் செல்வோனுக்கு இரண்டு கிலோமீற்றர் கூடினாற் கூடியதே தோன்றாது. தன் காலால் மிதித்துச் செல்வோனுக்கோ ஒவ்வொரு கிலோமீற்றரும் வியர்வையாற் பெறப்படுவது. எனவே, வண்டியின் தூரத்தையும் கதியையும் அளக்கும் இலத்திரன் கருவிகள் இயங்குமாற்றையும், அவை காட்டும் எண்களை எவ்வளவிற்கு நம்பலாம் என்பதையும் ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

இக்கருவிகளின் அடிப்படைக் கருத்து மிகப் பழையது. கி. மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றுருவியசு, தமது நூலில் ஒரு தூரமானியை விவரித்துள்ளார். வண்டிச் சில்லு ஒருமுறை சுழலுங்கால் வண்டி பன்னிரண்டரை அடி செல்லும். 400 முறை சுழன்றால் 5000 அடி, அஃதாவது ஓர் உரோம மைல், கடக்கப்படும். அப்பொழுது பற்சில்லுகளின் தொடர்பால் ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் வீழும். பயண முடிவிற் கற்களை எண்ணினால் மைற்கணக்குப் புலப்படும். சில்லின் சுழற்சியை எண்ணுக, பரிதியாற் பெருக்குக என்னும் இவ்விதியே இன்றைய கருவிக்கும் உயிர்நிலையாம்.

சில்லுச் செல்லாத நிலத்திற் காலடியை எண்ணினர். 1865, 1866ஆம் ஆண்டுகளில் நேபாளத்திலிருந்து இலாசா நகர்வரை மறைவாகச் சென்று நில அளவை செய்த பண்டிதர் நயின் சிங், யாத்திரிகர் வேடத்திற் செபமாலை ஒன்றை ஏந்திச் சென்றார். மரபுப்படி 108 மணி இருக்கவேண்டிய அம்மாலையில் நூறு மணிகளே கோக்கப்பட்டிருந்தன. நூறு அடி வைத்ததும் ஒரு மணியை உருட்டுவார். மாலை ஒருமுறை சுற்றி வந்தாற் பதினாயிரம் அடிகள். மைலுக்கு 2000 அடி வீழுமாறு அவர்க்கு நடை பயிற்றப்பட்டிருந்தமையின், ஒரு சுற்று ஐந்து மைலாயிற்று. ஈண்டு நாம் மனங்கொள்ளவேண்டியது, எண்ணுதற்கு முன்னர் அடியின் நீளம் செப்பஞ் செய்யப்பட்டது என்பதே. அடி நீளம் தெரியாதவன் இலட்சம் அடியை வழுவின்றி எண்ணினும் தூரத்தை அறியான்.

துறைமுக நகரத்தாராகிய நமக்குக் கடலோடிகளின் முறையும் அறியத்தக்கது. பாய்க்கப்பலின் கதியை அறிய, மரத்துண்டொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இடுவர். அத்துண்டு நீரில் ஏறக்குறைய நிலையாய் நிற்க, கப்பல் முன்செல்லச் செல்லக் கயிறு ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாகக் கயிற்றில் முடிச்சுக்கள் இடப்பட்டிருக்கும். 28 செக்கன் ஓடும் மணற்குடுவை வெறுமையாகும்வரை எத்தனை முடிச்சு ஓடிற்றோ, மணித்தியாலத்துக்கு அத்தனை கடல்மைல் என்பது கணக்கு. கப்பலின் கதியை 'முடிச்சு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் கூறும் வழக்கம் இதனின்று பிறந்ததே. தூரத்தையும் காலத்தையும் ஒருங்கே அளந்தாலன்றிக் கதி புலப்படாது என்பதற்கு இஃது எளிய சான்றாம்.

துவிச்சக்கர வண்டிக்கெனத் தூரமானியைச் செய்து உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கேட்டிசு வீடர் என்பார். 1895ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய சிறு கருவி முன்சில்லின் அச்சினருகே பொருத்தப்பட்டது. ஆரைக்கம்பியிற் கட்டிய முளை ஒன்று, சில்லு சுழலுந்தோறும் கருவியின் நட்சத்திரச் சில்லை ஒரு பல் தள்ள, எண்கள் முன்னேறின. தூரத்தை அது காட்டிற்று; கதியைக் காட்டிலது. காலத்தை அளக்கும் உறுப்பு அதில் இல்லாமையே காரணம்.

அக்குறையை நீக்கியது இலத்திரனியல். 1980களிற் பரவத் தொடங்கிய வண்டிக் கணனிகளின் அமைப்பு எளியது. முன்சில்லின் ஆரைக்கம்பியிற் சிறு காந்தம் ஒன்று பொருத்தப்படும். அதற்கு எதிரே, முன்கவரின் காலில், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த ஓர் ஆளி இருக்கும். காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகத்தாலான இரு மெல்லிய தகடுகள் அக்குழாயுள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. காந்தம் அருகே வந்ததும் அவை ஒட்டிக்கொள்ள, மின்சுற்றுப் பூர்த்தியாகும். காந்தம் அகன்றதும் பிரியும். இவ்வாளியை 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வால்டர் எல்வூட் என்பார் கண்டறிந்தார். ஆகவே ஒரு சுழற்சிக்கு ஒரு மின்றுடிப்புக் கருவிக்குச் செல்லும். கருவியினுள்ளே குவாட்சுப் பளிங்கு ஒன்று செக்கனுக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தை அளக்கும். இவ்வெண் இரண்டைப் பதினைந்து முறை பெருக்கப் பெறுவதாதலின், மீண்டும் மீண்டும் பாதியாக்கிச் சரியாக ஒரு செக்கனைப் பெறலாம். கைக்கடிகாரத்திலும் இதுவே பயில்கின்றது.

எடுத்துக்காட்டாக, சில்லின் பரிதி 2.2 மீற்றர் என்க. இரு துடிப்புக்களுக்கு இடைப்பட்ட காலம் 0.396 செக்கன் ஆயின், கதி செக்கனுக்கு 5.56 மீற்றர், மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர். இத்தகைய வண்டி 20 கிலோமீற்றர் செல்லும்போது சில்லு ஏறக்குறைய 9,090 முறை சுழலும். ஒன்றிரண்டு துடிப்புத் தவறினாற் கேடில்லை. ஆயின் காந்தத்திற்கும் ஆளிக்கும் இடைவெளி சில மில்லிமீற்றரின் மிகுந்தால், நூற்றுக்கணக்கான துடிப்புக்கள் தவறிக் கணக்கு முற்றும் பிழைபடும். அண்மைக் காலத்துக் கருவிகள் சிலவற்றிற் காந்தமே இல்லை. சில்லின் குடத்தில் மாட்டிய சிறு பெட்டி, தன் சுழற்சியைத் தானே உணர்ந்து, கம்பியின்றிக் கைத்தொலைபேசிக்கு அறிவிக்கும். எனினும் சுழற்சியைப் பரிதியாற் பெருக்கும் விதி மாறிற்றிலது.

எனவே கருவியின் மெய்ம்மை முழுவதும் ஓர் எண்ணைப் பற்றி நிற்கின்றது, அதுவே பரிதி. அதனை இடுபவன் கருவியல்லன், வண்டிக்காரனே. பலர் ரயரின் பக்கத்தில் எழுதிய அளவை நோக்கிக் கணக்கிடுவர். நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய றலி, ஹம்பர் முதலிய பெருவண்டிகளின் 28 அங்குலச் சில்லை எடுத்துக்கொள்வோம். 28ஐ 25.4ஆற் பெருக்க விட்டம் 711.2 மில்லிமீற்றர், அதனை 3.1416ஆற் பெருக்கப் பரிதி 2,234 மில்லிமீற்றர். இது காகிதக் கணக்கு. ஆள் ஏறியவுடன் ரயர் நிலத்தோடு தொடும் இடத்திற் சப்பையாகும். சில்லு ஒரு சுழற்சியிற் கடக்கும் தூரம் அதனாற் குறையும். காற்றமுக்கம் குறைந்தால் இன்னும் குறையும். மெய்யாகக் கடப்பது 2,200 மில்லிமீற்றரே என்க. அவ்வாறாயின் உண்மையில் 20 கிலோமீற்றர் சென்றவனுக்குக் கருவி 20.31 கிலோமீற்றர் காட்டும். 310 மீற்றர் ஓடாமலே பெற்ற புகழாகும்!

இவ்வழுவை நீக்குதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் போதும். ரயருக்கு வழக்கமான அளவு காற்றடித்தபின், வண்டியைச் சமதளமான தரையில் நிறுத்தி, வால்வு நிலத்தை நோக்குமிடத்தில் ஒரு கோடிடுக. வண்டியில் ஏறியமர்ந்து, ஒருவர் துணைபிடிக்க, நேராகச் செலுத்துக. வால்வு பத்தாம் முறை கீழே வருமிடத்தில் மறுகோடிட்டு, இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து பத்தால் வகுக்க. ஆள் ஏறாது தள்ளிச் சென்று அளந்தால் விடை சற்றுக் கூடுதலாகவே வரும். பின்னர் நெடுவீதியில் நாட்டப்பட்டுள்ள கிலோமீற்றர்க் கற்களைக்கொண்டு சரிபார்க்கலாம். கற்களின்படி 10 கிலோமீற்றராக, கருவி 10.15 எனக் காட்டினால், இட்ட பரிதியைப் பத்தாற் பெருக்கி 10.15ஆல் வகுக்க; 2,234 என்பது 2,201 எனத் திருந்தும். சுண்ணக்கட்டியாற் பெற்ற விடையும் கற்களாற் பெற்ற விடையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பின், அளவை உறுதிபெறும்.

இனிக் கதியைப் பற்றிச் சிறிது கூறுவாம். கருவி காட்டும் கதிகள் மூன்று: அந்நேரக் கதி, அதியுயர் கதி, சராசரிக் கதி. இளைஞர் பெரிதும் விரும்புவது அதியுயர் கதியை. பயன்படுவதோ சராசரிக் கதி. வைகாசி தொடங்கி நம் பகுதியிற் கச்சான் காற்றுக் கடுமையாய் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று, நகரிலிருந்து சீனன்குடா வழியே கிண்ணியாவுக்குச் செல்வோனை எதிர்க்கும், மீள்வோனைத் தள்ளிவிடும். கணக்கின் பொருட்டு ஒரு வழித்தூரம் 20 கிலோமீற்றர் எனக் கொள்வோம். போகும்போது மணித்தியாலத்துக்கு 12 கிலோமீற்றர், வரும்போது 20 கிலோமீற்றர் எனின், சராசரி யாது? பன்னிரண்டையும் இருபதையும் கூட்டிப் பாதியாக்கிப் பதினாறு என்பார் பலர். அது பிழை. போக ஒரு மணி நாற்பது நிமிடம், வர ஒரு மணி. 40 கிலோமீற்றரை இரண்டு மணி நாற்பது நிமிடத்தால் வகுத்தாற் பதினைந்தே கிடைக்கும். மெதுவான பகுதியில் மிகுந்த நேரஞ் செலவாதலின், அதுவே சராசரியைக் கீழே இழுக்கின்றது. எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்று முற்றும் மீட்டுத் தாராது.

காற்றின் தடை எத்துணைக் கொடியது என்பதையும் காண்க. காற்றுத் தடை, நம்மை எதிர்க்கும் காற்றின் கதியினது வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அமைதியான காலையிற் பதினைந்து கிலோமீற்றர்க் கதியிற் செல்வோன், அதே கதியுடைய எதிர்காற்றில் அதே வண்ணம் செல்ல முயன்றால், அவன் முகத்தில் மோதும் காற்று முப்பது கிலோமீற்றர்க் கதியினதாகும். தடை நான்கு மடங்காம். ஆகவே, காலை ஏழரை மணிக்குப் பாடசாலை சேரவேண்டிய மாணவன், மார்கழியில் எடுத்த சராசரியை ஆனியில் நம்பிப் புறப்படுதல் தகாது. இரு பருவத்துக்கும் வெவ்வேறாகக் கணக்கு வைத்தல் நன்று.

சில்லைச் சாராத முறை ஒன்றும் இக்காலத்து உண்டு. அது செய்மதிகளைக்கொண்டு இடமறியும் முறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1978ஆம் ஆண்டு முதற் செய்மதியை ஏவி, 1995இல் இம்முறையைப் பூரணமாக்கிற்று. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்து வழங்கிய கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இது வண்டிக்காரர்க்கும் பயன்படலாயிற்று. இரசியா, ஐரோப்பா, சீனம், இந்தியா ஆகியனவும் தத்தம் செய்மதித் தொகுதிகளை நிறுவியுள்ளன.

ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி ஒவ்வொன்றும், அணுக்கடிகாரத்தின் நேரத்தைத் தாங்கிய வானொலிக் குறியை இடையறாது அனுப்புகின்றது. தலைக்கு நேர்மேலுள்ள செய்மதியின் குறி நம்மை அடையச் செக்கனின் நூறில் ஏழு பங்கிற்குச் சற்றுக் குறைவான நேரஞ் செல்லும். எவ்வளவு தாமதித்து வந்தது என்பதனால் எவ்வளவு தொலைவு என்பது பெறப்படும். மூன்று தொலைவுகளால் இடம் தெரியுமெனினும், கருவியின் கடிகாரம் அணுக்கடிகாரம் அன்றாதலின் அதன் வழுவைத் திருத்த நான்காம் செய்மதியும் வேண்டும். செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். ஐன்ஸ்ரைன் கண்ட சார்புக் கொள்கையின்படி, செய்மதியின் கடிகாரம் அதன் கதியால் நாளொன்றுக்கு அத்தகைய 7 பங்கு மெதுவாகவும், புவியீர்ப்புக் குறைவால் 45 பங்கு விரைவாகவும் ஓடும். எஞ்சும் 38 பங்கைத் திருத்தாது விட்டால், தூரக்கணக்கு ஒரே நாளிற் 11 கிலோமீற்றருக்கு மேற் பிழைபடும். நுண்ணிய பௌதிகம் சந்தைக்குச் செல்லும் வண்டிக்காரன் சட்டைப் பையிலும் வாழ்கின்றது!

திறந்த வானின்கீழ்க் கைத்தொலைபேசி ஏறத்தாழ ஐந்து மீற்றருள் இடத்தைக் காட்டும். நம் ஊருக்குச் சில தனித்தன்மைகள் உள. திருகோணமலை வடக்கு 8 பாகை 34 கலையில் உள்ளது. காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ளமை பற்றி ஏவுகணைத் தளமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட கேரளத்துத் தும்பாவும் ஏறக்குறைய இதே அகலக்கோட்டில் உள்ளது. காந்த மத்தியகோட்டை அடுத்த பகுதிகளில் அயனமண்டலம் மிகவும் கொந்தளிப்புடையது. சூரியன் மறைந்த பின்னர்ச் செய்மதிக் குறிகள் சில வேளைகளில் அதனால் நடுக்கமுறும். இரு அதிர்வெண்களைப் பெறவல்ல புதிய கருவிகள் அயனமண்டலத்தால் நேரும் தாமதத்தைப் பெரிதும் திருத்திக்கொள்ளும். சுவாமிமலைப் பாறையை ஒட்டியும் அடர்ந்த மரநிழலிலும் வானத்தின் ஒரு பகுதி மறைவதால், அவ்விடங்களிலும் வழு மிகும்.

மற்றொரு வழு கணக்கிடும் முறையிலேயே உள்ளது. கருவி சில செக்கனுக்கு ஒருமுறை இடத்தைக் குறித்து, அக்குறிகளை நேர்கோட்டால் இணைத்துத் தூரத்தைக் கூட்டும். வளைவான வீதியில் நேர்கோடு வளைவை வெட்டுதலின் தூரங் குறையும். நின்ற இடத்திலோ குறிகள் அங்குமிங்கும் சிதறுதலின், அசையாதவனுக்குங் கருவி தூரம் ஈட்டித் தரும். கதியை மட்டும் செய்மதிமுறை வேறொரு வழியாலும் அறியும். ஊதிக்கொண்டு வரும் புகையிரதத்தின் ஒலி அணுகுங்கால் உயர்ந்தும் அகலுங்கால் தாழ்ந்தும் கேட்பதுபோல, குறியின் அதிர்வெண் மாறும் அளவைக்கொண்டு கதியைக் கணிக்கும். ஆதலாற் சீராகச் செல்வோனுக்கு அது காட்டுங் கதி பெரும்பாலும் நம்பத்தக்கது.

இரு முறைகளின் வேறுபாட்டை நம் மாவட்டத்துப் பயணமொன்று நன்கு விளக்கும். 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அத்துறையைப் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே மக்கள் வண்டியோடு கடந்தனர். மூதூருக்குக் கொட்டியாரக்குடாவைப் படகிற் கடப்போர் துவிச்சக்கர வண்டியையும் படகில் ஏற்றிச் செல்லும் வழக்கம் உண்டு. படகில் ஏற்றிய வண்டியின் சில்லு சுழலாது. ஆகவே சில்லுக் கருவி கடற்றூரத்தைக் கணக்கிடாது. செய்மதிக் கருவியோ கடலையும் சேர்த்தெண்ணும். இவற்றுள் எது பிழை? இரண்டும் பிழையல்ல. சில்லுக் கருவி, வண்டி எவ்வளவு உருண்டது என்னும் வினாவுக்கு விடை கூறிற்று. செய்மதிக் கருவி, மனிதன் எவ்வளவு பெயர்ந்தான் என்னும் வினாவுக்கு விடை கூறிற்று. ரயரின் தேய்வையும் காலின் உழைப்பையும் அறிய விரும்புவோன் முன்னதையும், சென்ற வழியை வரைபடத்திற் காண விரும்புவோன் பின்னதையும் கொள்க.

கருவியைப் பேணுதலும் கற்கவேண்டியதே. சில்லுக் கருவிகளுட் பல, காசு போன்ற மூன்று வோற்று இலிதியமின்கலத்தாற் பல மாதம் இயங்கும். கைத்தொலைபேசியோ செய்மதியை நாடிச் சில மணியில் மின்னிழந்துவிடும். உப்புக்காற்று வீசும் கடற்கரையூரில் மின்கலந் தொடும் உலோகங்கள் விரைவிற் களிம்பேறும். அவற்றை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்தலும், வாடைக்கால மழையில் மூடியின் இறப்பர் வளையம் பழுதின்றி இருத்தலைப் பார்த்தலும் வேண்டும்.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள் கூறல் கடன். பயணங்களைப் பதிந்து உலகோடு பகிரும் செயலிகள் இன்று பல. அவற்றுள் ஒன்றாகிய ஸ்ராவா, 2017ஆம் ஆண்டு நவம்பரில் தன் பயனாளர் யாவரின் தடங்களையும் ஒன்றாக்கி உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 சனவரியில் அவ்வரைபடத்தை ஆராய்ந்தோர், பாலைநிலங்களில் மறைந்திருந்த படைமுகாம்களின் உருவங்கூட வீரர்தம் ஓட்டத் தடங்களால் வெளிப்பட்டிருத்தலைக் கண்டனர். கடற்படைத் தளம் அமைந்த துறைமுக நகரில் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. படைத்தளங்களை விடுத்து வீடுகளை நோக்கினும், ஒரு மாணவி நாடோறும் எங்கிருந்து, எந்நேரம், எவ்வழியாகப் புறப்படுகின்றாள் என்பதை அந்நியர் அறிதல் நன்றன்று. தொடக்கமும் முடிவும் பிறர்க்குத் தோன்றாவண்ணம் மறைக்கும் வசதி அச்செயலிகளிலேயே உண்டு, அதனைப் பயன்படுத்துக.

மற்றையது, ஓடும்போது கருவியை நோக்குதல். மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர்க் கதியில் இரண்டு செக்கன் கண்ணைத் தாழ்த்தினால், வண்டி 11 மீற்றர் குருடாய்ச் செல்லும். நம் வீதிகளில் அத்தூரத்துள் ஒரு மாடு குறுக்கிடலாம். ஒரு குழந்தை பந்தைத் தொடர்ந்து ஓடிவரலாம். எண்கள் எங்கும் ஓடிப் போகா. பயணம் முடிந்தபின் நிழலில் நின்று பார்த்துக்கொள்க.

தமிழில் அறிவியல் பயிலுதற்குச் சொல் வேண்டுமென உழைத்தவரும், 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும், திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சியிற் பங்குகொண்டவருமாகிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்ற துறவி. அவர் வழியில் வந்த நம் மாணவர்க்கு, வகுப்பறையிற் கற்கும் ஆரை, பரிதி, கதி, வழு என்னும் சொற்கள் பரீட்சைத்தாளோடு முடிந்துவிடல் ஆகாது. வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியே அவற்றின் ஆய்வுகூடம். ஒரு சுண்ணக்கட்டியோடு அதனை அணுகுக. முதலிற் சில்லின் பரிதியைத் தாமே அளந்து, பின்னர்க் கருவி கூறுவதை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் காண்போர், எக்கருவி காட்டும் எவ்வெண்ணையும் ஆராய்ந்து ஏற்கும் பழக்கத்தைப் பெறுவர். அப்பழக்கம் வண்டிப் பயணத்துக்கு மட்டுமன்றி வாழ்வின் பிற துறைகளுக்கும் பெரிதும் பயன்படும் என்பது எமது துணிபு.